பட்டா இல்லாத லாயம்

ஃப்ளெட்சர் தெரு லாயத்துக்கு எதிரே இருந்த புல் மனை கைவிட்டுப் போனதைப் பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. "வயசானவங்களுக்கு வீடு கட்டத்தானே எடுத்தாங்க, அதுல என்ன தப்பு?" என்கிறார்கள். தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று விட்டுவிடவும் மனசு வரவில்லை. வட ஃபிலடெல்ஃபியாவில், ஸ்ட்ராபெர்ரி மேன்ஷன் பகுதியில், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குதிரை வளர்த்துவரும் தெரு அது. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'கான்க்ரீட் கவ்பாய்' படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெருவின் முகம் நினைவிருக்கும். கொட்டில்கள் ஒரு பக்கம், குதிரைகளைக் காலாற விட்ட காலி மனை இன்னொரு பக்கம். மனை நகரத்துக்குச் சொந்தம். குதிரைக்காரர்கள் அதை வருடக்கணக்காகப் புழங்கினார்கள். அவர்கள் கையில் அதற்கான காகிதம் எதுவும் கிடையாது. வருமானம் குறைந்த முதியோருக்கான குடியிருப்புக்கு என்று நகரம் அந்த இடத்தை ஒதுக்கியபோது, அவர்கள் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று.

எனக்கு அந்த இடத்தின் பழக்கம் என் மகளால் வந்தது. குதிரை ஏற வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்த சமயத்தில் புறநகர்ப் பயிற்சிப் பள்ளிகளில் விசாரித்தேன். அரை மணி நேரத்துக்கு அவர்கள் கேட்ட பணத்தில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். கூட வேலை பார்க்கும் ஒருவர், அவர் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், "ஃப்ளெட்சர் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். போனோம். அங்கிருந்த பெரியவர் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் கையில் ஒரு மண்வாரியைக் கொடுத்தார். கொட்டடியில் லத்தியை அள்ளிய பிறகுதான் குதிரையைத் தொடலாம் என்பது அங்கே சட்டம். குதிரை ஒன்று ஒரு நாளைக்கு இருபது கிலோவுக்குக் கிட்டத்தட்டப் போடும். அவள் மூக்கைச் சுளிக்காமல் அள்ளினாள். பிறகு அவர் குளம்பு சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார்.

அதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், வால் பக்கம் முகம் வைத்து நிற்க வேண்டும். தோளில் கையை வைத்து, அப்படியே காலோடு தடவிக்கொண்டே இறக்கி, கணுவுக்கு மேலே பின்புற நரம்பை லேசாகப் பிடித்து அழுத்த வேண்டும். குதிரை தன் பாரத்தை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றிக்கொண்டு காலைத் தானாகவே தூக்கித் தரும். குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு சதை இருக்கிறது. அது வலிக்கும் இடம். அதன் இரண்டு பக்கப் பள்ளங்களிலும் கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து முனை நோக்கி இழுத்து மண்ணையும் லத்தியையும் நோண்டி எடுக்க வேண்டும். மகள் நோண்டியபோது மண்ணோடு பச்சை பீர் பாட்டில் கண்ணாடி ஒன்று வந்து விழுந்தது. பெரியவர் அதைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தரையில் போட்டால் இன்னொரு குளம்புக்குள் போகும்.

குதிரை அங்கே வந்த கதை

"நகரத்துக்குள் எதற்குக் குதிரை?" என்று கேட்கிறவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். இந்த நகரத்தை இழுத்ததே குதிரைதான். 1872இல் டொராண்டோ பக்கம் கிளம்பிய குதிரைக் காய்ச்சல் சில வாரங்களில் கிழக்குக் கடற்கரை நகரங்கள் எல்லாவற்றையும் முடக்கியது. டிராம் ஓடவில்லை, கரி வரவில்லை. அந்த நவம்பரில் பாஸ்டன் பற்றி எரிந்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்கள் கட்டி இழுத்தார்கள். ஃபிலடெல்ஃபியா தன் குதிரைகளுக்காகச் செய்த காரியங்களைப் பாருங்கள். 1869இல் தெருவில் தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்கென்றே ஒரு சங்கம். 1884இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பள்ளி. 1888இல் வயதான குதிரைகளுக்கு ரையர்ஸ் பெயரில் ஒரு காப்பகம். குதிரையை நகரத்தின் குடியாக நினைத்த காலம் அது.

முதல் உலகப் போர்க் காலத்தில் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் ரயிலேறி வந்தார்கள். 1910இல் இந்த நகரத்தில் சுமார் 84 ஆயிரமாக இருந்த அவர்கள் எண்ணிக்கை 1920இல் 1 லட்சத்து 34 ஆயிரத்தைத் தாண்டியது. வர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் ஜார்ஜியாவிலும் கோவேறு கழுதையையும் குதிரையையும் பூட்டி உழுத கைகள். இங்கே அந்தக் கைகளுக்கு வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. காய்கறி வண்டி, ஐஸ் வண்டி, கரி வண்டி, பழைய இரும்பு, கந்தல் துணி. சந்துகளில் சின்னச் சின்னக் கொட்டில்கள் இருந்தன. லாரி வந்ததும் வேலை போயிற்று, குதிரை போகவில்லை. அப்பாவிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் லாடம் பார்க்கவும் சேணம் தைக்கவும் கற்றுக்கொண்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஃபேர்மவுண்ட் பூங்காவில் ஓட்டுவதற்காக வைத்துக்கொண்டார்கள். பிழைப்புக்கு என்று இருந்தது பிரியத்துக்கு என்று மாறிய அந்தக் கட்டம் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது. யாரும் அதற்குப் பணம் தரவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. தீனி விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் நகரம் தேய்ந்தது. 1950இல் 20 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2000இல் 15 லட்சத்துச் சொச்சம். தொழிற்சாலைகள் மூடின. 1964 ஆகஸ்டில் கொலம்பியா அவென்யூ கலவரத்துக்குப் பிறகு கடைக்காரர்கள் பலர் திரும்பவே இல்லை. வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, நடுநடுவே பல் விழுந்த வாய் மாதிரி மனைகள் காலியாகின. குதிரைக்காரர்களுக்குப் புல்வெளி கிடைத்தது இப்படித்தான். யாருக்கும் வேண்டாத நிலத்தில்தான் அவர்கள் குதிரையை விட்டார்கள். 2008இல் நகர நிர்வாகம் வந்து அங்கிருந்த சில கட்டுமானங்களை இடித்தது. மிஞ்சியதை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள்.

எல்லிஸ் ஃபெரல் என்பவர் 2004இல் இதை ஃப்ளெட்சர் தெரு நகர்ப்புறக் குதிரையேற்றச் சங்கம் என்று ஓர் அமைப்பாக்கினார். பள்ளி விட்டு வரும் பையன்களுக்குத் தெருமுனையில் காத்திருக்கும் போதை வியாபாரத்துக்குப் பதிலாக ஒரு குதிரையைக் கொடுப்பது நோக்கம். அதே 2004இல்தான் நகரக் காவல்துறை தன் குதிரைப்படையைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கலைத்தது. 2011இல் திரும்பக் கொண்டுவந்தது. அரசாங்கத்தால் ஏழு வருடம் குதிரை வைத்துக்கொள்ள முடியாத ஊரில், வேலை நிலையில்லாத மனிதர்கள் கைக்காசைப் போட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் குதிரைகள்

இந்தக் குதிரைகள் பலவும் வரும் இடம் லங்காஸ்டர் மாவட்டத்து நியூ ஹாலண்ட் சந்தை. கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் சமயத்தாரின் வண்டியில் ஓடி ஓய்ந்தவை, பந்தயத்தில் தோற்றவை, கால் ஊனமானவை, வீட்டுக்காரருக்குச் சலித்துப்போனவை எல்லாம் அங்கே ஏலத்துக்கு வரும். 1956இல் அங்கே இறைச்சிக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட்ட ஒரு குதிரையை ஹாரி டி லேயர் என்ற பயிற்சியாளர் எண்பது டாலருக்கு வாங்கினார். ஸ்னோமேன் என்ற அந்தக் குதிரை பிறகு நாட்டின் தாண்டும் போட்டிகளையே வென்றது. இன்றும் அந்தச் சந்தையில் இறைச்சி வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கடைசிக் குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007இல் மூடப்பட்டதால், இப்போது கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் லாரி போகிறது. ஃப்ளெட்சர் தெருக்காரர்கள் வாங்கும் விலை பெரும்பாலும் அந்த வியாபாரி கேட்கும் விலைக்குக் கொஞ்சம் மேலே. லாயத்தில் நிற்கும் குதிரைகளில் எத்தனையோ அந்த லாரிக்குத் தப்பியவை.

அந்த மனை ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும். குதிரையின் வயிறு நாள் முழுக்க மேய்வதற்கென்று அமைந்தது. அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும், தீனி இல்லாவிட்டால் புண்ணாகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைத்தால் உயிர் போகும் வலி, நடக்காத குதிரைக்கு அந்த அபாயம் கூடுதல். அடைத்தே போட்டால் மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். லாயத்தில் பராமரிப்பு சரியில்லை என்று அவ்வப்போது வெளியிலிருந்து குரல் எழுவதுண்டு. அக்கறையோடு கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் குதிரையின் நலனுக்கு வேண்டிய முதல் பொருளான திறந்தவெளியை எடுத்துவிட்டு, நலனைப் பற்றிக் கேள்வி கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இப்போது பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போனால்தான் குதிரைக்கு ஓட்டம். அதற்குக் கார்களுக்கு நடுவே தெருக்களைத் தாண்ட வேண்டும்.

அந்தம்மா சொன்னது

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை குதிரைக்காரர்களுக்கான ஒரு மனுவாக இருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை மகள் உள்ளே வேலையாக இருந்தபோது, தெருவில் இரண்டு வீடு தள்ளி வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவோடு பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். போகிற குதிரை ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய அப்பா குதிரை வண்டியில் தர்பூசணி விற்றவராம். மனை போனதில் அவருக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் வீட்டுக்குள்ள வா, ஹனி" என்றார்.

பதினைந்தடி அகல வரிசை வீடு. கீழே கூடமும் சமையலறையும். படுக்கையும் குளியலறையும் மாடியில். செங்குத்தான படிக்கட்டு, கைப்பிடி ஆடியது. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் இரவில் மாடியேறியவர் காலையில் ஒரே தடவைதான் இறங்குவாராம், பகலில் சமையலறைக்குள் ஒரு நாற்காலிக் கழிப்பறை. கூரை ஒழுகிய கறை சுவரில் படிக்கட்டோடு இறங்கியிருந்தது. "லிஃப்ட் வைத்த ஒரு கட்டிடம் இந்தத் தெருவிலேயே வந்தால், என் சர்ச்சை விட்டு, என் மனுஷங்களை விட்டு எங்கேயும் போக வேண்டாம். நான் அப்ளிகேஷன் போட்டிருக்கேன்" என்றார். இந்த நகரத்தின் வீட்டு வசதி ஆணையம் வாடகை உதவிக்கான காத்திருப்புப் பட்டியலை 2010க்குப் பிறகு 2023 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது என்பது எனக்குச் செய்தியாகத் தெரியும். அந்த நாற்காலியைப் பார்த்த பிறகு அது செய்தியாக இல்லை.

நான் வாயடைத்து நின்றதைப் பார்த்து அவர்தான் என்னை மறுபடி வாசலுக்குக் கூட்டிவந்தார். கைத்தடியை நீட்டி, அதோ அந்த மூலை, அதற்கடுத்த நாலு, பின் தெருவில் வரிசையாக ஆறு என்று காலி மனைகளைக் காட்டினார். யார் வீடு எது, எந்த வருடம் எரிந்தது, எது வங்கி எடுத்தது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். "இத்தனை இருக்கு. குதிரை நின்ன இடம்தான் அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் காலி மனைகள் நாற்பதாயிரம் வரை என்று நகரத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அப்படியிருக்க ஏன் இதுவே? விசாரித்துப் பார்த்தால் காரணம் புதிராக இல்லை. பெரும்பாலான மனைகள் தனியார் பேரில் இருக்கின்றன. உரிமையாளர் செத்துப்போயிருப்பார், வாரிசுகள் வேறு மாநிலத்தில், வரி பாக்கி மலை போல. நகரத்துக்குச் சொந்தமானவையும் பதினைந்தடி, பதினாறடித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பெரிய கட்டிடத்துக்குத் தேவையான ஒட்டுமொத்த இடம், வில்லங்கம் இல்லாமல், அரசின் பேரிலேயே கிடைப்பது அபூர்வம். அப்படி ஓர் இடம் அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்தது. அது டயரும் மெத்தையும் கொட்டும் மேடாக மாறாமல், திறந்து, பச்சையாக, பார்த்தவுடன் கட்டலாம் என்று தோன்றும்படி இருந்ததற்குக் காரணம், அங்கே தினமும் ஆள் இருந்தது, குதிரை இருந்தது. அவர்கள் நன்றாக வைத்திருந்ததாலேயே அது மற்றவர்களுக்கு வேண்டிய இடமாயிற்று.

எங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்குக்கு என்ன ஆயிற்று என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊர் மாடெல்லாம் மேய்ந்த இடம், அடங்கலில் அரசு நிலம். பேருந்து நிலையம் அங்கே வந்தபோது எதிர்த்துப் பேச முடியவில்லை, பேருந்து எல்லோருக்கும் வேண்டியிருந்தது. மாடு வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான். நல்ல காரியத்துக்கு எடுக்கும்போதுதான் இழப்பைச் சொல்ல வாய் வருவதில்லை.

காகிதம்

காகிதம் கொடுக்க முடியாத விஷயமும் அல்ல இது. ஸ்கூல்கில் ஆற்றுக்கு அக்கரையில், ஃபேர்மவுண்ட் பூங்காவின் நகர நிலத்திலேயே ஷாமனி லாயம் இருக்கிறது. அங்கே லெஸ்லி ஹைனர் 1994இல் தொடங்கிய 'வொர்க் டு ரைட்' அமைப்பில் நகரத்துப் பிள்ளைகள் கொட்டில் வேலை செய்து குதிரையேற்றம் கற்கிறார்கள். அவர்களில் சிலர் 2011இல் பள்ளிகளுக்கான தேசியப் போலோ போட்டியை வென்றார்கள், முழுக்கக் கறுப்பினப் பிள்ளைகளே ஆடிய அணி ஒன்று அதை வெல்வது அதுவே முதல் தடவை. கால்கீழ் நிலம் நிலைத்திருந்தால் பதினேழு வருடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. காலி மனைகளில் காய்கறி போட்ட மக்களுக்கும் இந்த நகரம் வழி செய்திருக்கிறது. 1986லிருந்து ஓர் அறக்கட்டளை சமூகத் தோட்டங்களின் நிலத்தைத் தன் பேரில் வாங்கிக் காப்பாற்றிவருகிறது. தக்காளிக்குக் கிடைத்த பாதுகாப்பு குதிரைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், தோட்டத்தின் பக்கத்தில் குடியிருக்க எல்லோருக்கும் ஆசை, லாயத்தின் பக்கத்தில் அப்படி இல்லை என்கிறார்கள். 2017இல் பார்ன்ஸ் கலைக்கூடத்தில் ஃப்ளெட்சர் தெருக் குதிரைக்காரர்களைப் பற்றி கலைஞர் முகமது புரூயிசாவின் கண்காட்சி நடந்தது. மினுமினுக்கும் அலங்காரத்தோடு படங்களில் நின்ற குதிரைகளைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அந்தப் படங்கள் அழகானவை. அவற்றைப் பார்த்து ரசித்த ஊர், அதே குதிரைகள் நிற்கும் தெருவுக்கும் ஏதாவது செய்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். நியூயார்க்கில் ஹோவர்ட் பீச் பக்கத்துச் சீடர் லேன் லாயத்தை நகரப் பூங்காத் துறையின் அனுமதியோடு நடத்திவந்தது கறுப்பினக் குதிரைக்காரர்களின் கூட்டமைப்பு. 2016இல் அது அவர்கள் கையை விட்டுப் போயிற்று. இப்போது அங்கே மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரைவழிச் சிகிச்சை தருகிறார்கள். அதுவும் நல்ல காரியம்தான். அனுமதி தந்தவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத உரிமை வேண்டும், அதோடு லாயத்தைக் கணக்கு வழக்கோடு நடத்தப் பயிற்சியும் பணமும் வேண்டும்.

ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வட்டாரத்தின் நகர நிலம் யாருக்குப் போகிறது என்பதில் அந்த வட்டாரக் கவுன்சிலரின் சொல்தான் கடைசிச் சொல். சட்டத்தில் அப்படி எழுதியில்லை, வழக்கம் அப்படி. 2013இல் சட்டம் போட்டு, காலி மனைகளைச் சேர்த்துக் கைமாற்றிக் கொடுக்கும் நில வங்கி வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. ஆகவே அந்தக் கவுன்சிலருக்குத்தான் எழுதினேன். கொட்டில்களைச் சுற்றி நகரத்துக்குச் சொந்தமாக இருக்கும் துண்டு மனைகளை ஒன்றாகச் சேர்த்து, தோட்டங்களுக்குச் செய்ததைப் போலவே ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுங்கள் என்றும், அடுத்த முதியோர் குடியிருப்புக்கு வரி பாக்கியில் கிடக்கும் தனியார் மனைகளைக் கையகப்படுத்துங்கள் என்றும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் மறுபடி ஒன்றோடு ஒன்று மோத விட்டுவிடுவார்கள். கடிதத்தின் கீழே லாயத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வாசல்படி அம்மாவும் போட்டார். படித்துப் பார்த்துவிட்டு, லிஃப்ட் என்ற வார்த்தை எங்கேயும் இல்லையே என்றார். சேர்த்துவிட்டு அனுப்பினேன்.